நாற்பத்தோராம் அட்டை

கவர் நனைந்துதான் வந்தது. அதை பிலோமினா எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வாள், பைபிளைக் கொண்டுவந்து வைத்தால் அதன்மேல் கை வைத்துச் சொல்வாள், கூரியர்காரன் மழைக்கோட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டும்போதே கவரின் ஒரு மூலை ஊறின அப்பளம் மாதிரி தொளதொளத்துப் போயிருந்தது, அப்படியே விட்டால் உள்ளே இருக்கிறதும் ஊறிப்போகுமே என்றுதான் பிரித்தாள், வேறு எதற்கு, ஆசையா, கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் சோற்றைவிட அதிகமாகப் பேசப்பட்ட அந்தச் சனியன் பிடித்த அட்டையின் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஆசையா. எந்தப் பார்சல் வந்தாலும் பிரிக்காதே, தொடாதே, மேஜைமேல் வை, என்னைக் கூப்பிடு என்பது ரெமிஜியுஸ் போட்ட சட்டம். கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் ரெமிஜியுஸ் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்காக உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயில் மினுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தின நேரம் அது, அவர் வந்து தொட்டால் எண்ணெய், அவள் தொட்டால் மீன், தொடாமல் விட்டால் தண்ணீர், எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி தனக்குத்தான் என்று தெரிந்த பிறகு ஒரு பொம்பளை என்ன செய்வாள். கெண்டை ஆய்ந்துகொண்டிருந்த கையைச் சாம்பல் போட்டுக் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, நைட்டியில் துடைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி, கத்தரிக்கோலால் கவரின் காய்ந்த ஓரத்தை மட்டும் நறுக்கி, உள்ளே இருந்ததை இரண்டு நகத்தால் இழுத்தாள். ஈரமில்லை. மாதாவே, ஒரு பொட்டு ஈரமில்லை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, வலது கையில் ஒற்றை விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு அம்பயர் அவளைப் பார்த்தார், அவுட் என்றார். தப்பித்தேன் என்று அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் டியூப்லைட் வெளிச்சம் அம்பயரின் முகத்தில் மீன் செதில்மேல் வழுக்குகிற மாதிரி வழுக்கியது. திருப்பினாள். நான்கு பக்கமும் விரல்கடை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி ஓரம், மூலைகள் வளைத்து நறுக்கி, விறைப்பாக, ரேஷன் கார்டு மாதிரி, ஆயா வேலைக்குப் போகிறவள் கழுத்தில் தொங்குமே அந்த அட்டை மாதிரி. லேமினேஷன். சூடு வைத்து, அமுக்கி, ஒட்டி, சாகும்வரை பிரிக்க முடியாதபடி, லேமினேஷன்.

குளியலறையில் முதல் சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேறு வீட்டுக்காரிகளுக்கு லேமினேஷன் என்றால் நல்ல செய்தி. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணுவார்கள், செத்துப்போன மாமனார் படத்தை லேமினேஷன் பண்ணுவார்கள், வேளாங்கண்ணி மாதா படத்தைப் பண்ணி ஸ்கூட்டரில் ஒட்டுவார்கள், இந்த நாட்டில் ஒரு காகிதத்துக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் வேறென்ன செய்வார்கள். ஆனால் இந்த வீட்டுச் சட்டம் வேறு. இந்த வீட்டில் அட்டை மூச்சு விட வேண்டும். "அட்டை மூச்சு விடணும் பிலோ, அதுக்கும் தோல் இருக்கு." மனைவிக்குத் தோல் இருப்பது தெரியாத மனுஷன் அட்டைக்குத் தோல் இருப்பதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். டிம்டிம் பபிள்கம் என்று ஒன்று, அவர் சின்னப் பையனாக இருந்தபோது வந்தது, ரோஸ் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு துண்டு, அதைச் சுற்றின காகிதத்துக்குள் ஒரு கிரிக்கெட் அட்டை, மொத்தம் அறுபத்து நான்கு, கம்பெனி செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அதைத் தின்ற பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் விழ ஆரம்பித்துவிட்டது, இன்னும் இவர் மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். வெறுமனே சேர்ப்பதில்லை. மூலை மழுங்கக்கூடாது, ஓரம் மஞ்சளாகக்கூடாது, பின்பக்கம் பேனா பட்டிருக்கக்கூடாது. ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து முகருவார், இன்னும் அந்த பபிள்கம் வாசனை வருகிறதாம், அவளுக்குக் கரப்பான்பூச்சி வாசனைதான் வந்தது. மதுரையில் எவனோ ஒரு சேகரிப்பாளன் தன் அட்டை முழுவதையும் லேமினேஷன் பண்ணி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் இதே பேச்சு. "செத்துப்போச்சு பிலோ. அறுபது பொணம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள அறுபது பொணத்த வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். அவன் கைய வெட்டணும்." வங்கியில் பியூனைக்கூட தம்பி என்று கூப்பிடுகிறவர், கோவில் பாடகர் குழுவில் தணிந்த குரலில் பாடுகிறவர், கையை வெட்டணும் என்று சொன்னபோது சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் அவருடைய சுண்டுவிரல் துடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அந்தச் சுண்டுவிரல் துடித்தால் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மீதி அறுபத்து மூன்றும் இவரிடம் சேர்ந்துவிட்டது, நாற்பத்தொன்று, அந்த அம்பயர் மட்டும் யாரிடமும் இல்லை. அதற்கும் ஒரு கதை, அந்தக் கதையை முதல் ராத்திரியில் கேட்டவள் இந்தத் தமிழ்நாட்டிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அம்பயர் அட்டை கிடைத்தால் அதைக் கடையில் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பேட் வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. கடைக்காரர் அட்டையைப் பிள்ளையின் கண்முன்னாலேயே இரண்டாக வெட்டிப் பாதியைக் கம்பெனிக்கு அனுப்புவார், மீதியைக் குப்பையில் போடுவார். கிடைத்தவனெல்லாம் பேட்டுக்கு ஓடினான், அதனால் முழு அம்பயர் என்று உலகத்தில் ஒருத்தர் மிஞ்சவில்லை. ரெமிஜியுஸுக்கும் கிடைத்திருக்கிறது. பேட் வேண்டாம், அட்டைதான் வேண்டும், செட் முடிந்துவிடும் என்று அழுதிருக்கிறார். பொன்மலை ரயில்வே காலனியில் குடியிருந்த, ரயிலில் கார்டு வேலை பார்த்த அப்பா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கடையில் நிறுத்தி வெட்ட வைத்து, பேட்டை வாங்கி, அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பேட்டாலேயே அது உடைகிற வரைக்கும் அடித்திருக்கிறார். சொல்லிவிட்டுப் புது மாப்பிள்ளை தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதபோது இருபத்தாறு வயசு பிலோமினா அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தாள், ஐயோ பாவம் என்று நினைத்தாள், நான் இருக்கேங்க என்றாள். நான் இருக்கேன். வேறு யாராவது சொல்வார்களா இப்படி, வந்து விழுந்த முதல் நாளே, இனி அந்தப் பேட் அடி விழவேண்டிய இடத்தில் நான் இருக்கேன் என்று. இரக்கப்படுகிறவளை ஓங்கி ஓர் அறை விட்டுப் பள்ளிக்கூடத்திலேயே திருத்தியிருக்க வேண்டும், சிஸ்டர் கொன்சாகா அதைச் செய்யாமல் தமிழில் பேசியதற்கெல்லாம் ஸ்கேலைத் திருப்பிப்பிடித்து முட்டியில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கான்வென்ட் கற்றுக்கொடுத்தது இரண்டே விஷயம், பூத்தையல் ஒன்று, அடி விழும்போது நீட்டின கையை இழுத்துக்கொள்ளாமல் இருப்பது ஒன்று. பூத்தையலால் இதுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு, அப்புறம் சத்தமில்லை, அப்படியென்றால் சீயக்காயைக் குழைத்துக்கொண்டிருக்கிறார். நேரம் இருக்கிறது. எவ்வளவு நேரம் இருந்து என்ன. இவள் எதற்குப் பயப்பட வேண்டும், லேமினேஷன் பண்ணினது இவளா, கோவில்பட்டி சங்கரலிங்கம், அந்த ஆளைப் போய்க் கேட்கட்டுமே, கேட்பார், கேட்டால்தான் விபரீதம், ஏனென்றால் போன வாரம் சங்கரலிங்கம் போன் பண்ணினபோது எடுத்தது இவள். அவர் நல்ல மனுஷர், குரலே வெல்லம் கரைத்த மாதிரி இருந்தது. அவர் அப்பா வைத்திருந்த பெட்டிக்கடையில் ஏதோ ஒரு பிள்ளை அம்பயரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது, வெட்டி அனுப்புவதற்குள் கம்பெனியே இழுத்து மூடிவிட்டது, அட்டை மிட்டாய் பாட்டிலின் அடியில் முழுசாக உட்கார்ந்துகொண்டது. காசெல்லாம் வேண்டாம் என்றிருக்கிறார். அட்டைக்கு அட்டை, அதுதான் இவர்களுடைய ஜாதி வழக்கம். சங்கரலிங்கத்துக்குத் தீப்பெட்டிப் படம்தான் பைத்தியம், ரெமிஜியுஸ் தன் அப்பா காலத்திலிருந்து வீட்டிலிருந்த தீப்பெட்டிப் பட ஆல்பத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார், அதாவது திரும்ப வழியே கிடையாது. "தாயி, ஸார்வாள் இல்லியோ? சரி, நீங்களே சொல்லுங்க. மழை பேஞ்சு ஊத்துது. இத எப்பிடித் தாயி அனுப்ப? ஸ்கூல்பிள்ள கணக்கா பதறுதாரு அவரு." இவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள், பொங்குகிறது, ஒரு கையால் அடுப்பை அணைத்துக்கொண்டே, "எப்படியோ நனையாம அனுப்புங்கண்ணே. நனைஞ்சு வந்துச்சுன்னா இங்க என் பொணம்தான் விழும்" என்றாள். சங்கரலிங்கம் சிரித்தார். "சே சே, என்ன பேச்சு தாயி. நா பாத்துக்கிடுதேன். ஆயுசுக்கும் நனையாத மாதிரி பண்ணி அனுப்புதேன்." ஆயுசுக்கும். பாவி மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். தன் பங்குக்குக் கடைக்குப் போய், வரிசையில் நின்று, கடைக்காரன் சரியாக அமுக்குகிறானா என்று பக்கத்திலேயே நின்று பார்த்திருப்பான். ரெமிஜியுஸ் போன் பண்ணினால் அதே வெல்லக் குரலில் சொல்வான், உங்க வீட்டம்மாதான் ஸார் சொன்னாக, நனையக்கூடாதுன்னு. அவ்வளவுதான். அதற்கு அப்புறம் பேச்சு இருக்காது.

அதற்கு அப்புறம் எது இருக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும், அவள் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை, இடது மணிக்கட்டு தானாகவே நினைத்துக்கொள்ளும். அது சேலத்துச் சேகரிப்பாளன் ஒருவன் ஏதோ ஓர் அட்டையைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறொருவனுக்குக் கொடுத்த வருஷம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எப்படிம்மா என்று கேட்டார், பாத்ரூமில் விழுந்துட்டேன் டாக்டர் என்றாள், பக்கத்தில் ரெமிஜியுஸ், "எத்தனை தடவ சொல்றது டாக்டர், பாசிய தேய்க்கமாட்டேங்கிறா" என்று கவலையோடு சொன்னார். பத்தொன்பதாம் அட்டையின் ஓரத்தைப் பூச்சி அரித்த வருஷம் பீரோக் கதவில் அவள் முகம். நெற்றியில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது, பொட்டு வைக்காத நெற்றியில் தனியாகத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் ராத்திரி பரோட்டா வாங்கிக்கொண்டு வருவார், சால்னா தனியாக, அவளுக்குப் பிடித்த மாதிரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுவார், பேட் கதையைச் சொல்லுவார். பேட் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பரோட்டா வாசனை வந்தாலே குமட்டுகிறது. மகள் கோயமுத்தூரிலிருந்து போனில் சொல்வாள், "நீ வெளிய வந்துரும்மா, நான் இருக்கேன்" என்று, அதைக் கேட்டால் இவளுக்குக் கோபம்தான் வரும், நான் இருக்கேன் என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது, அது ஒரு கெட்ட வார்த்தை. வெளியே போவதென்றால் எங்கே போவது, எதற்குப் போவது, இந்த வீட்டுக் கொடியில் துணி காய்கிறது, இந்த வீட்டு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இவளுக்குத்தான் தெரியும், போகிறதென்றால் அவன் போகட்டும். அவன். மனசுக்குள் மரியாதை கழன்று விழுந்ததை அவள் கவனித்தாள், எடுத்து மாட்டவில்லை.

ஒளித்துவைத்தால்? வரவே இல்லை என்று சொன்னால்? ஹாலில் மேஜைமேல் அவனுடைய செல்போன் டிங் என்றது. போய்ப் பார்த்தாள். உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் பிலோமினா. பேரைப் போட்டுவிட்டான்கள். போனுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஆல்பத்தைத் திறந்து, நாற்பத்தோராம் உறையைக் காலியாக, வாயைப் பிளந்த மாதிரி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போயிருந்தான். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வைப்பானாம். சர்ச்சில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவன்கூட இவ்வளவு சுத்தபத்தமாகப் போகமாட்டான். எரித்துவிட்டால்? அடுப்பில் காட்டினால் பிளாஸ்டிக் நாற்றம் தெரு முழுக்க அடிக்கும். உரித்துவிட்டால்? ஏன், உரித்துப் பார்த்தால் என்ன, கடைக்காரன் ஒழுங்காகச் சூடு வைக்காமல் விட்டிருக்கலாம், இந்த ஊரில் எவன் ஒழுங்காக வேலை செய்கிறான். சமையலறைக்கு வந்து மூலையில் நகத்தைக் கொடுத்தாள், மெல்ல, பால் ஏட்டை எடுக்கிற மாதிரி மெல்ல, பிளாஸ்டிக் கொஞ்சம் எழும்பியது, ஆண்டவரே, எழும்புகிறது, இன்னும் கொஞ்சம், அதோடு கூடவே அம்பயரின் தொப்பியும் எழும்பியது, வெள்ளைத் தொப்பியின் ஒரு துண்டு மேல்தோலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, கீழே சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் வெறும் அட்டை. கையை எடுத்துவிட்டாள். இப்போது லேமினேஷனும் ஆச்சு, மண்டையும் உடைந்தாச்சு. அரிவாள்மனையில் பாதி ஆய்ந்த கெண்டை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன் கழுத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தலை துண்டாகி முற்றத்துப் பக்கம் உருண்டது. நல்லாயிருந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. இந்தக் கையால் எத்தனை கழுத்து அறுத்திருப்பாள், கோழி, வாத்து, விரால், ஈஸ்டருக்கு ஈஸ்டர் வான்கோழி, ஒன்றுகூட இரண்டாவது இழுப்புக் கேட்டதில்லை. அவன் கழுத்தில் எண்ணெய் வழுக்கும். வழுக்கினால் என்ன, சாம்பல் தொட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். நினைத்ததும் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். சிலுவை போட்ட விரலில் மீன் ரத்தம் இருந்தது, நெற்றிக் கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டது.

"பிலோ!" குளியலறையிலிருந்து குரல். நல்ல குரல், ஞாயிற்றுக்கிழமைக் குரல். "வெந்நீர் பத்தாது போல இருக்கு. இன்னொரு பாத்திரம் கொண்டாம்மா." ம்மா. எண்ணெய்க் குளியல் அன்றைக்கு மட்டும் அவள் அம்மா ஆவாள். "இதோங்க" என்றாள், வாய் பழக்கம், தலை வெட்டுப்பட்ட கெண்டைகூட சட்டியில் போட்டால் ஒரு தரம் துள்ளுமே அந்த மாதிரி. அடுப்பில் அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு துணியால் காதைப் பிடித்துத் தூக்கினாள். கொல்லை நடை மழையில் நனைந்து கிடந்தது, ஆவி முகத்தில் அடித்தது, ஒவ்வொரு அடியும் பார்த்து வைத்தாள், விழுந்தால் டாக்டரிடம் முதல் தடவையாக உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். "கூரியர் வந்துச்சா? பெல் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே." "மழைச் சத்தங்க." "வரும், வரும், இன்னிக்கு வந்துரும். என் உள்ளங்கை அரிக்குது காலையிலேர்ந்து." கதவு லேசாகத் திறந்தது. முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான், இடுப்பில் துண்டு, முகம் முழுக்கச் சீயக்காய், கண்ணை இறுக்கி மூடியிருந்தான், பிடரி அவள் பக்கம் இருந்தது. நடுவில் சொட்டை, சுற்றிலும் நரை, சின்னப் பையன் மாதிரி கழுத்தில் பள்ளம். "அப்படியே ஓரமா வை, பாத்து, மேல ஊத்திராதடி" என்று சிரித்தான். அவன் சிரித்தான். கை தூக்கியிருந்தது. அண்டா அவள் இடுப்புக்கு மேலே இருந்தது, இன்னும் ஒரு சாண் தூக்கினால் போதும், துணி வழியாகச் சூடு உள்ளங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது, தோல் வெந்து கழன்று வரும், மேல்தோலோடு ஒட்டிக்கொண்டு வரும், கீழே என்ன நிறத்தில் இருக்கும், இருபத்திரண்டு வருஷம் இந்தப் பிடரியைப் பார்த்து அவள் நினைக்காததா, இட்லிக்கு மாவு ஊற்றும்போது, துணி பிழியும்போது, ஜெபமாலை உருட்டும்போது, இப்போது கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள், குனிந்த பிடரி, மூடின கண், கொதிக்கிற தண்ணீர். மணிக்கட்டு வலித்தது. பழைய முறிவு, பாரம் தாங்காது. அது மட்டும்தான். வேறொன்றுமில்லை. அண்டாவை ஓரமாக இறக்கி வைத்தாள், வெளியே வந்தாள், கதவை இழுத்துச் சாத்தினாள், வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

போட்ட பிறகுதான் போட்டது தெரிந்தது. "என்ன பிலோ, தாழ்ப்பாள் சத்தம்?" "நான்தான் போட்டேன்." "எதுக்கு?" அவளுக்கும் தெரியவில்லை எதற்கென்று. வாய் தானாகப் பேசியது. "அட்டை வந்துருச்சுங்க." உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "வந்துருச்சா? எப்ப? ஏன்டி சொல்லல? தொட்டியா? பிரிச்சியா? நனையலையே? ஏய், மூலை எப்படி இருக்கு, நாலு மூலையும் இருக்கா?" கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள் ஒருத்தி, மூலை எப்படி இருக்கு என்று கேட்கிறான். அவள் உள்ளே போய் அம்பயரை எடுத்துவந்தாள், போகிற போக்கில் மேஜையிலிருந்த ஆல்பத்தையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குளியலறைக் கதவின் அடிப்பாகம் மக்கிப்போய்த் தகரம் அடித்திருந்தது, தகரத்துக்கும் தரைக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி, அதன் வழியாகச் சீயக்காய்த் தண்ணீர் நுரையோடு கசிந்துகொண்டிருந்தது. நடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அட்டையை அந்த இடைவெளியில் வைத்துத் தள்ளினாள். "ஐயோ! தண்ணிடி, கீழ தண்ணிடி பைத்தியக்காரி!" "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுங்க. பாருங்க."

உள்ளே கண்ணிலிருந்து சீயக்காயை வழித்துக்கொண்டிருப்பான். இப்போது குனிந்திருப்பான். இப்போது எடுத்திருப்பான். இப்போது விரலால் தடவியிருப்பான். மழை தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்தது. "யாரு பண்ணா?" குரல் தாழ்ந்திருந்தது, பாடகர் குழுக் குரல், அதுதான் இருப்பதிலேயே மோசமானது. "சங்கரலிங்கம் பண்ணாரு. நான்தான் நனையக்கூடாதுன்னு சொன்னேன். தொப்பிய உரிச்சது நான். போதுமா, வேற ஏதாவது தெரியணுமா?" இத்தனை வருஷத்தில் கேட்டதற்கு மேலேயே ஒரு பதிலை முழுசாகச் சொன்னது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கதவில் முதல் அடி விழுந்தது. முழுக் கதவும் அவள் பக்கம் வந்து போனது. தாழ்ப்பாளில் நான்கு திருகாணிக்கு இரண்டுதான் இருந்தன, அதில் ஒன்று ஆடியது. "தொறடி. தொற. உன்னக் கொல்லாம விடமாட்டேன்டி இன்னிக்கு." நிஜமாகவே செய்வான். திருகாணி கழன்றால் எண்ணெயும் சீயக்காயுமாக, துண்டோ துண்டு இல்லாமலோ வந்து அவள் தலைமயிரைப் பிடிப்பான், கல்படி இருக்கிறது, துணி துவைக்கிற கல் இருக்கிறது, முகத்தை எதில் வைப்பது என்று தேட வேண்டியதில்லை. ஓட வேண்டும், தெருவுக்கு ஓட வேண்டும், இந்த நைட்டியோடு, மீன் நாற்றத்தோடு. கால் எழுந்திருக்கவில்லை. மடியில் ஆல்பம் கனத்தது. அவள் அதைத் திறந்தாள்.

முதல் உறையிலிருந்து முதல் அட்டையை உருவினாள். கை கழுவவில்லை. இரண்டு விரலால் நடுவில் பிடித்து, மூலையில்கூட இல்லை, நடுவில் பிடித்து, இடைவெளியில் வைத்துத் தள்ளினாள். காகிதம். தண்ணீரில் பட்டதும் குடித்தது, ஓரம் கருத்தது. உள்ளே மூச்சு அடைக்கிற சத்தம் கேட்டது. "பிலோ. ஏய். அது ஒண்ணாம் நம்பர்." "ஆமா." "அது ஒண்ணாம் நம்பர்டி!" "தெரியும். எண்ண எனக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க கான்வென்ட்ல. அடிச்சீங்க, ஒண்ணு வந்துருச்சு. இன்னொண்ணு அடிச்சா இன்னொண்ணு வரும். உங்க ஆளுங்க வழக்கந்தான, அட்டைக்கு அட்டை." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, மளிகைக் கடையில் எடை குறைந்தால் பேசுவாளே, அந்தக் குரல், அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது இதுவே முதல் தடவை. உள்ளே அவன் ஈர அட்டையை எதிலோ ஒற்றுகிற சத்தம், துண்டாக இருக்கும், துண்டில் எண்ணெய் இருக்கும், அப்புறம் ஓர் ஊளை, நாய்கூட அப்படி ஊளையிடாது, கதவில் இரண்டாவது அடி விழுந்தது, உடம்பு முழுவதையும் கொண்டு மோதினான், ஆடிக்கொண்டிருந்த திருகாணி கழன்று அவள் மடியில் விழுந்தது. மீதி ஒன்று. அவள் இரண்டாம் அட்டையைத் தள்ளினாள். அவசரப்படாமல், நேராக, நுரைக்கு நடுவில் போய் நிற்கிற மாதிரி. "பிலோ, பிலோ, பிலோ." இப்போது அழுகிறான். இதுதான் பரோட்டா அழுகை, அடுத்தது பேட் கதை வரும். வந்தது. "எங்கப்பா இப்படித்தான் பிலோ, என் கண்ணு முன்னாடியே..." "உங்கப்பா செத்துட்டாருங்க," என்றாள் அவள், "அவரு கிட்ட கேக்கவேண்டியத அங்க போய் கேளுங்க. இங்க நான் உக்காந்திருக்கேன்."

மழை வலுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது, ஓர் எட்டுப் பின்னால் போகிறான், ஈரத் தரையில் கால் வழுக்கிச் சமாளிப்பது கேட்டது, தோளைத் தயார் பண்ணுகிறான், ஒரே ஒரு திருகாணி, துருப்பிடித்தது, அது தாங்காது, அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிலோமினா மூன்றாம் அட்டையை உருவி, இடைவெளியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, அவன் பார்க்கட்டும் என்று, நீட்டிப் பிடித்தாள். நுரை அட்டையின் ஓரம்வரை வந்து நின்றது. கதவுக்குப் பின்னால் மூச்சு ஏறியது, நின்றது. அடி விழவில்லை. ஓங்கின உடம்பு ஒன்று எவ்வளவு நேரம் ஓங்கினபடியே நிற்க முடியும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கக்கூடப் பொறுக்காதவள் அவள், பஸ் ஸ்டாப்பில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்துவிடுகிறவள், இன்றைக்கு அவளுக்கு அவசரமே இல்லை. ஆல்பத்தில் இன்னும் அறுபது இருந்தது.